அமெரிக்காவில் அடித்த காற்று

ஒரே கொட்டகைக்குள் இரண்டு பழைய அமெரிக்கக் கார்கள் குடியிருந்தன. ஒன்று, மீன்வால் மாதிரி பின்பக்கம் தூக்கிய நீலக் கார். இன்னொன்றின் கூரையை அறுத்து, லாரி எஞ்சினைப் பொருத்தி, ரேஸ் வண்டியாக்கியிருந்தார் முதலாளி. அதற்கு மொட்டை என்று பேர்.

நீலத்துக்கு இருப்புக்கொள்ளாது. மொட்டை கிளம்பும்போதெல்லாம் அதைப் பிடித்து ஏசும்.

"தலையில கூரை இல்லே, வயித்துல லாரி எஞ்சின். நீயெல்லாம் ஒரு காரா? கார்னா அதோட பம்பர்ல ஆளுங்க முகம் பார்த்து மீசை முறுக்கணும்டா. பொறந்தப்ப எப்படியோ அப்படியே இருக்கணும். என் டயர்ல இருக்கற காத்துகூட அமெரிக்காவுல அடிச்சது!"

"உண்மைதாண்ணே" என்று சொல்லிவிட்டு மொட்டை புழுதி கிளப்பிக்கொண்டு போய்விடும். அது திரும்பும்வரை நீலம் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். வந்ததும் இன்னும் காரமாக ஏசும்.

ஒருநாள் மொட்டை சக்கரமெல்லாம் ஈர மணலோடு வந்து நின்றது.

"எங்கேடா போனே?"

"கடலுக்குண்ணே. அலை முன்சக்கரத்தைத் தொட்டுட்டுப் போச்சு."

நீலம் ஏசவில்லை. "உப்பு பட்டா துருப்பிடிக்கும்" என்று மட்டும் முனகியது. கொஞ்ச நேரம் கழித்து, "அலை பெரிசா?" என்றது.

"வந்து பாருங்கண்ணே. நான் கயிறு கட்டி இழுத்துட்டுப் போறேன்."

நீலம் முன்னால் நகரப் பார்த்தது. நாலு டயரும் தரையோடு அப்பிக் கிடந்தன. எந்த வருஷம் காற்று இறங்கினவையோ, அதற்கே தெரியாது.

வெகுநேரம் கழித்து, கொட்டகை எலிக்குக்கூடக் கேட்காத குரலில் கேட்டது:

"ஏண்டா மொட்டை, இந்த ஊர்க் காத்து எனக்கு ஒத்துக்குமா?"