கண்ணாடிப் பட்டை

சுவர் விரிசலின் குறுக்கே ஒட்டியிருந்த கண்ணாடிப் பட்டையை ஆய்வாளர் டார்ச் அடித்துப் பார்த்தார். எட்டு மாதத்துக்கு முந்தைய தேதியோடு அது முழுசாக இருந்தது.

“கண்ணாடி உடையலை. விரிசல் நகரலைன்னு அர்த்தம்.”

“கதவையே சாத்த முடியலை, நகரலையாம்!” வீட்டுக்காரர் கொதித்தார். “பூமிச் சூட்டுல கரண்ட் எடுக்கிறோம்னு தெருமுனையில துளை போட்டதிலேர்ந்து வீடே ஆடுது சார்!”

“ஒண்ணு உடைஞ்சிருந்தாலும் துளை போடறதை நிறுத்தச் சொல்லியிருப்பேன். இந்தத் தெருவுல எந்த வீட்டுலயும் உடையலையே.”

வீட்டுக்காரர் மூடாத கதவை ஓர் உதை விட்டுவிட்டு வெளியே போனார். சமையலறை வாசலில் நின்ற அவர் மனைவி பெருமூச்சு விட்டாள்.

ஆய்வாளர் குரலைத் தாழ்த்தினார். “அம்மா, நான் ஒட்டின தேதிதான், ஆனா இது என் கையெழுத்து இல்லையே?”

அவள் வாசலை எட்டிப் பார்த்தாள். மாவு டப்பாவுக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். ஐந்து பட்டைகள், ஐந்தும் உடைந்தவை.

“எங்க பொண்ணு அந்தத் துளை போடற இடத்துலதான் சார் வேலை பாக்குறா. ரெண்டு வருஷம் வேலை தேடி செருப்பு தேஞ்சவ. நான் மாத்தி ஒட்டுறது இவருக்குத் தெரியாது.”

ஆய்வாளர் பையிலிருந்து இரண்டு புதுப் பட்டைகளை எடுத்து நீட்டினார். இரண்டிலும் அதே பழைய தேதி, அவர் எழுத்திலேயே இருந்தது.

“சார், நீங்களே...?”

“எல்லா வீட்டுலேர்ந்தும் யாராவது ஒருத்தர் அங்க போறாங்கம்மா. துளை நின்னா எனக்கும் வேலை இல்லை.”

சுவரில் டிக்கென்று ஒரு சத்தம் கேட்டது. இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை.