லென்ஸ் விசாரிக்க வந்தவர்

வந்தவர் டெலி லென்ஸை முன்பின் மாற்றிப் பிடித்துக்கொண்டு, அதன் வழியாகக் கேமராக் கடைக்காரன் மணிமாறனைப் பார்த்தார்.

"தூரத்துல இருக்கறதைக் கிட்டத்துல காட்டும்னாங்க. நீங்க எங்கிட்டோ தூரமாப் போயிட்டீகளே தம்பி?"

மணிமாறன் சிரிப்பை அடக்கிக்கொண்டு லென்ஸைச் சரியாகத் திருப்பிக் கொடுத்தான். வெள்ளை வேட்டி, ஐம்பதைத் தாண்டிய வயசு, கையில் சின்னாளபட்டிச் சேலைக் கடை ஒன்றின் துணிப்பை. அந்தப் பையைப் பார்த்ததும் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

காலையில்தான் அவன் அம்மா சரஸ்வதி போனில் எச்சரித்திருந்தாள். "சின்னாளபட்டிப் பொண்ணு வீட்டுல இருந்து யாரையாச்சும் விட்டு உன்னைய விசாரிப்பாகளாம்டா. தரகர் சொன்னாரு. உன் வாய்ச்சவடாலை எல்லாம் மூட்டை கட்டி வச்சுட்டு ஒழுங்கா இரு."

ஏகப்பட்ட வரன்கள் தட்டிப்போய், முப்பத்து நான்கு வயதில் வந்திருக்கும் இடம் அது. பெண் பெயர் ஸ்ரீமதி, ஒரே மகள், அப்பாவுக்குச் சொந்தமாகச் சேலைக் கடை. கோயிலில் வைத்து ஒருமுறைதான் அவளைப் பார்த்தான். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அங்கேயே தீர்மானித்துவிட்டான்.

"என்ன படம் எடுக்கப் போறீக சார்?" என்று கேட்டான்.

"மயிலு. நம்ம தோட்டத்துக்கு வருது. கிட்டப் போனா ஓடிருது" என்றவர், மயிலைப் பற்றி அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. "ரெண்டு கம்பெனி சொல்றாங்களே, எது தேவலை?"

கண்ணாடி அலமாரியில் அந்த இரண்டில் ஒரு கம்பெனியின் டெலி லென்ஸ் இரண்டு வருஷமாகக் குடியிருந்தது. வேறு நாளாக இருந்தால் டீ ஆறுவதற்குள் அதை இவர் தலையில் கட்டியிருப்பான். மணிமாறனின் பேச்சுக்குப் பயந்து, திண்டுக்கல் கல்யாண போட்டோகிராபர்கள் சட்டைப்பையைப் பிடித்துக்கொண்டுதான் அவன் கடைக்குள் வருவார்கள். இன்று அந்த மணிமாறனுக்கு விடுமுறை.

"இந்தக் கம்பெனியில டெலி லென்ஸ் விதவிதமா இருக்கு சார். மயிலோட இறகை எண்ணிரலாம். ஆனா..."

"என்ன ஆனா?"

"இந்த மாடல் கேமராவுக்கு இனிமே புது லென்ஸ் வராதுன்னு கம்பெனிக்காரனே கையை விரிச்சுட்டான். நாலஞ்சு வருஷம் போச்சுன்னா ரிப்பேருக்குச் சாமான் கிடைக்கறதே கஷ்டம்."

"அப்ப அந்த இன்னொரு கம்பெனி?"

"அதுல இப்போதைக்கு டெலி லென்ஸ் ரெண்டு மூணுதான். ஆனா வருஷா வருஷம் புதுசு விடுறான். இன்னைக்கு வாங்குற கேமராவுல, பத்து வருஷம் கழிச்சு வர்ற லென்ஸையும் மாட்டிக்கலாம். நாள்பட வச்சுக்க அதுதான் சார் லாயக்கு."

"அது உங்ககிட்ட இருக்கா?"

மணிமாறன் அலமாரியை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். "இல்லை சார். மதுரைக்குத்தான் போகணும்."

வந்தவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஏந்தம்பி, உங்க சரக்கை நீங்களே மட்டம் தட்டுறீக? எங்க ஊர்ல சாயம் எறங்குன சேலையைக்கூட, இதுதான் இப்ப புது டிசைனுன்னு சொல்லி வித்துருவோம்."

அடடா, ஆழம் பார்க்கிறார் என்று மணிமாறன் உஷாரானான்.

"ஒருத்தரை ஏமாத்தி வர்ற காசு எனக்கு ஒட்டாது சார்" என்றான். இப்படி ஒரு வாசகம் தன் வாயிலிருந்து வந்ததை நினைத்து அவனுக்கே லேசாகக் கண் கலங்கியது.

"அப்ப முடிவா நான் எதைத்தான் வாங்குறது?"

"தோட்டத்து மயிலுக்காக மட்டும்னா எதையும் வாங்காதீக. உங்க போன்லயே ஓரளவுக்கு விழுகும். ஆசை விடலைன்னா மதுரையில எனக்குத் தெரிஞ்ச கடை இருக்கு, அங்க போங்க" என்று சொல்லி, கடைக்குப் போகும் வழியையும் பொறுமையாக விளக்கினான். டீயும் வரவழைத்துக் கொடுத்தான்.

டீயைக் குடித்து முடித்த வந்தவர், எழுந்து அவன் தோளைத் தட்டினார். "இந்தக் காலத்துல இம்புட்டு நேர்மையா ஒரு ஆளைப் பாக்கறது அதிசயம்தான் தம்பி. வாரேன்."

மணிமாறனுக்குக் கால் தரையில் பாவவில்லை. வெளியே போனவர், கடை வாசலில் நின்றபடியே போனை எடுத்துக் காதில் வைத்தார். சுத்தமாக இருந்த கதவுக் கண்ணாடியைத் துடைக்க, மணிமாறன் துணியோடு ஓடினான்.

"மச்சான், சேதுபதி பேசுறேன். உங்க மகளுக்குப் பாத்த பையன் கடையில இருந்துதான் வாரேன். குடி, சீட்டுன்னு ஒரு பழக்கமும் இல்லைன்னு டீக்கடையில சொன்னாக. பேச்சுல மருந்துக்கும் பொய் இல்லை. சொக்கத் தங்கம்!"

கதவுக்கு இந்தப் பக்கம் மணிமாறன் மாலையும் கழுத்துமாக ஸ்ரீமதி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். மண்டபம் எது, சாப்பாடு எங்கே சொல்வது என்கிற வரைக்கும் மனசு போய்விட்டது. கையிலிருந்த துணி ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

சேதுபதி பெருமூச்சு விட்டார்.

"நாளைக்கு நம்ம கடையை இவன் கையில குடுத்தா, வர்ற ஆளையெல்லாம் எதிர்க்கடைக்கு அனுப்பிருவான் மச்சான். வேற எடம் பாருங்க."