பின் சக்கரத்துச் சத்தம்

"பின் சீட்டை மடிச்சுட்டா அம்மா காலை நீட்டிப் படுத்துக்கலாம். அளந்து பாத்துட்டேன்," என்றான் அண்ணன், காருக்கு அடியிலிருந்து. வெளியே தெரிந்தது அவனுடைய முழங்கால்கள் மட்டும்தான்.

தங்கை போனும் கையுமாக வாசற்படியில் நின்றாள். "ஆஸ்பத்திரி வண்டியிலயே கொண்டு வந்து விட்டுடுவாங்களாம்ணா. இப்பதான் கேட்டேன்."

"வேணாம். அம்மா நம்ம வண்டியிலதான் வரணும். மூணு மணின்னுதானே சொன்னாங்க? அதுக்குள்ள முடிச்சுடுவேன்."

மணி பன்னிரண்டரை. காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததுமே அவன் காரை ஷெட்டிலிருந்து வெளியே தள்ளி, பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்திவிட்டான். பல்கூட விளக்கவில்லை. தங்கை கொடுத்த காபி பானெட் மேலேயே ஆறி ஆடை கட்டிக் கிடந்தது.

அவன் மெக்கானிக் இல்லை, அச்சகத்தில் வேலை பார்ப்பவன். கார் பதினெட்டு வருஷத்துப் பழசு. பின் ஷாக் அப்சார்பர்களின் தலையைப் பிடித்திருக்கும் ரப்பர் மவுண்ட் இரண்டும் தேய்ந்துபோய், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் இரும்போடு இரும்பு மோதி 'டொக்' என்று அடிக்கும். இடுப்பெலும்பில் விரிசல் விட்ட அம்மாவை வாரம் இரண்டு தடவை அந்த வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்தான்.

"பள்ளத்துல வண்டி இறங்கறதுக்கு முன்னாடி என் இடுப்பு இறங்கிடுதுடா," என்பாள் அம்மா. சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். கை மட்டும் கதவுப் பிடியை விடாது.

"இந்த ஞாயித்துக்கிழமை மாத்திடறேம்மா," என்று அவனும் ஒவ்வொரு தடவையும் சொன்னான். புது மவுண்ட் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்தான். பதினொரு நாளைக்கு முன்னால் அம்மாவை அட்மிட் செய்யக் கொண்டுபோனபோதும் வழியெல்லாம் அதே 'டொக்'தான்.

டிக்கிக்குள் இருந்த மேல் நட் துருவேறிக் கல்லாகிக் கிடந்தது. எண்ணெய் விட்டான், சுத்தியலால் தட்டினான், தொங்கிப் பார்த்தான். ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டித் தோல் உரிந்தது. "வந்துடு, வந்துடு," என்று நட்டிடம் கெஞ்சினான்.

எதிர்வீட்டு லாரிக்காரர் ஒரு நீளக் குழாயோடு வந்தார். இந்தக் காரைப் பார்த்தால் "இன்னும் பேரீச்சம்பழத்துக்குப் போடலையா?" என்று சீண்டாமல் போகிற மனிதர் இல்லை. இன்று அந்தச் சீண்டல் இல்லை. குழாயை ஸ்பேனர் பிடியில் மாட்டினார். இரண்டு பேருமாக அழுத்தியதில் நட் கிறீச்சிட்டு அசைந்து கொடுத்தது.

"அச்சு தொங்கிடப் போகுது. அடியில ஜாக்கி குடுத்துட்டுக் கீழ் போல்ட்டைக் கழட்டு," என்றார். அதோடு சரி.

பழைய ரப்பர் கையோடு உதிர்ந்து வந்தது. அந்தத் தூளை அவன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ரெண்டு துண்டு ரப்பர். இதை மாத்த எனக்கு ரெண்டு மாசம் நேரம் கெடைக்கல."

லாரிக்காரர் முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வலது பக்கம் முடித்து, இடது பக்கமும் மாட்டி, சக்கரங்களை இறக்கியபோது மணி இரண்டேகால். சட்டையெல்லாம் கிரீஸ். கையில் எது கிரீஸ், எது ரத்தம் என்று தெரியவில்லை.

"போய்க் குளிண்ணா. சித்தப்பா வீட்டுல எல்லாரும் கிளம்பி வந்துட்டிருக்காங்க," என்றாள் தங்கை. "அம்மா வரும்போது நீ இப்படியா நிப்ப?"

"ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாத்துடறேன். நீ பின்னாடி உக்காந்து காதை வச்சுக் கேளு."

அவள் மறுக்காமல் ஏறினாள். அம்மா வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். கார் மெதுவாக நகர்ந்தது. முதல் வேகத்தடையில் ஏறி இறங்கியது. ஒரு சத்தமும் இல்லை. அவன் கண்ணாடி வழியாகத் தங்கையைப் பார்த்தான். அன்று முதன்முறையாக அவன் தோள்கள் தளர்ந்தன.

தெருமுனையில் குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளம். அதில் பின் சக்கரம் இறங்கியது.

டொக்.

பிரேக்கை மிதித்து வண்டியை அணைத்தான். சற்று நேரம் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தவன், சட்டென்று இறங்கிப் பின்னால் ஓடினான்.

"இடது பக்கம்தான். வாஷரைத் தலைகீழாப் போட்டுட்டேன் போல. திரும்பக் கழட்டிடறேன், அரை மணி நேரம் போதும்." டிக்கியைத் திறந்து ஸ்பேனரைத் தேடினான். எடுத்தது நழுவிச் சாலையில் விழுந்தது. குனிந்து எடுத்தான், மறுபடி விழுந்தது. "இந்தச் சத்தத்தோட அம்மாவைக் கூட்டிட்டு வர மாட்டேன். அவங்கள இன்னொரு தடவை அப்படிக் கூட்டிட்டு வர மாட்டேன்."

தங்கை இறங்கி வந்து அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவன் இழுத்தான். அவள் விடவில்லை.

"விட்டுடுண்ணா. அம்மாவுக்கு இனிமே வலிக்காது."