ஒரு நிமிடப் பூட்டு

பூட்டுக்காரர் மூன்றாவது முறையாக மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மாடி நடையில் நின்றிருந்த கோர்ட் அமீனாவுக்குப் பொறுமை போய்விட்டது. வீட்டைக் காலி செய்யச் சொல்லும் உத்தரவு கையில் இருக்கிறது. உள்ளே இருப்பவர்கள் கதவைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள். கதவை உடைக்காமல் திறந்து தரக் கூட்டிவந்த ஆளோ உலகத்தில் இல்லாத நிதானத்தில் இருக்கிறார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அரை மணி நேரமா பூட்டையே குறை சொல்லிட்டிருக்கீங்களே!"

"பழைய பூட்டு சார். முரண்டு பிடிக்குது."

பக்கத்தில் கருவிப் பையைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்த உதவியாள் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அது ஒரு நிமிடப் பூட்டு. ஆறு மாதமாக வேலை பழகும் அவளுக்கே ஒரு நிமிடம். அவருக்கு அதுகூட வேண்டாம். கடையில் எந்தப் பூட்டைக் கொடுத்தாலும் பேச்சுவாக்கில் திறந்துவிடும் மனிதருக்கு, வீடு காலி செய்ய வைக்கும் நாட்களில் மட்டும் தொழில் மறந்துபோகும்.

உள்ளே அலமாரி திறக்கிற சத்தம். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம். யாரோ யாரையோ சீக்கிரம், சீக்கிரம் என்கிறார்கள்.

கோர்ட்டில் கிடைக்காத வாய்தாவை இவர் ஸ்க்ரூ டிரைவரை வைத்து வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஃபீஸ் கிடையாது. கிடைப்பதெல்லாம் அமீனாவின் வசவுதான்.

அவள் பையில் கைபேசி அதிர்ந்தது. அம்மாதான், வேறு யார்?

சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க இன்று கடைசி நாள். எல்லாவற்றையும் நிரப்பி வைத்துவிட்டு, அனுப்பாமல் ஒரு வாரமாக இழுத்தடிக்கிறாள். இன்னும் ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போகிறேன் என்பது அவள் கட்சி. ஆறிய படிப்பு மறுபடி சூடாகாது, இப்போதே போ என்பது அம்மா கட்சி.

பட்டம் வாங்கியவளுக்குப் பூட்டுக் கடையில் என்ன வேலை என்று கேட்காத ஆள் இல்லை. லா படிப்பதற்கு முன்னால் ஒரு அனுபவத்துக்கு என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிவைத்தாள். அம்மா மட்டும் கேட்கவே இல்லை.

அவரை விட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். போவது நன்றிகெட்ட காரியம் என்று தோன்றியது.

"நீயாவது பாரும்மா" என்று அமீனா அவள் பக்கம் திரும்பினார்.

பூட்டுக்காரர் நகர்ந்து இடம் விட்டார். அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. ஏன் தாமதம் என்று அவர் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. பெண் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டித் தொலைத்துவிடுவாளோ என்று பயந்திருப்பார், பாவம்.

அவள் தப்பான கம்பி ஒன்றை எடுத்தாள். பிறகு அதைவிடத் தப்பான இன்னொன்றை. பிறகு இரண்டையும் கீழே போட்டாள்.

"குருவுக்கேத்த சிஷ்யைதான்" என்று அமீனா முனகிக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

பூட்டுக்காரர் மறுபடி கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை துடைக்க வேண்டியிருந்தது.

கால் மணி நேரம் கழித்து, உள்ளே இருந்தவர்களே கதவைத் திறந்தார்கள். கணவன், மனைவி, ஒழுங்காகக் கட்டிய நாலு பெட்டிகள், தலை வாரி ஷூ போட்ட ஒரு சிறுமி. ஒரே ஒரு மாசம் டைம் கிடைக்காதா என்று கணவன் கேட்டான்.

அமீனா ஒன்றும் கெட்டவர் இல்லை. "ஒரு வக்கீல வச்சு அப்பவே கேட்டிருந்தா கிடைச்சிருக்கும் தம்பி. இப்ப என் கையில ஒண்ணும் இல்ல" என்றார், வருத்தமாகத்தான்.

அவளுக்குச் சுருக்கென்றது. ஒரு மாதம்! இங்கே இரண்டு பேர் மாற்றி மாற்றித் திட்டு வாங்கிக்கொண்டு சேர்த்தது முக்கால் மணி நேரம்.

படிக்கட்டில் இறங்கும்போதே விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள். அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறகு, இத்தனை மாதமாகக் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"அவரு இன்னும் லேட்டாத்தான் திறக்கறாரா?"

ஆமாம் என்றாள். முன்னால் இறங்கிக்கொண்டிருந்த மனிதருக்கு எதுவும் தெரியாது. அவர் எத்தனையோ கதவுகளைப் பார்த்தவர், ஒவ்வொன்றுக்கும் பின்னால் இருந்தவர்களையா ஞாபகம் வைத்திருப்பார்?

அவர்கள் வீட்டுக் கதவுக்கு அவர் வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. வெளியே டொக் டொக்கென்று பூட்டில் வேலை நடக்கிற சத்தம். உள்ளே அம்மா அவளைக் குளிப்பாட்டி, நல்ல சட்டை போட்டுவிட்டு, உட்கார வைத்து நிதானமாக இரட்டைச் சடை பின்னினாள். கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி வெளியே வந்தார்கள்.

அவ்வளவு நேரம் தட்டிய பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை.