முப்பத்தொன்றாம் எண் பாய்

"இடதுன்னா வலது போகுது. வலதுன்னா அது பாட்டுக்கு நேரா போகுது. என் படகுக்கு என்ன புடிச்சிருக்கு நெவெங்கா?"

யாருன் ஏரிக்கரையில் ஸ்லாவ்கோ தன் பொம்மைப் பாய்மரப் படகின் ரிமோட்டைத் தொடையில் தட்டிப் பார்த்தார். நடுவர் நெவெங்கா பேட்டரியைப் பார்க்கச் சொன்னாள். பேட்டரி காலையில்தான் மாற்றியது.

இது கடைசிப் பந்தயம். ஜெயித்தால் ஸ்பிளிட் நகரில் நடக்கும் தேசியப் போட்டிக்குப் போகலாம். பதினோரு வருடமாக இரண்டாம் இடத்திலேயே குடியிருக்கும் மனிதருக்கு அது பெரிய ஆசை.

பந்தயம் தொடங்கும் நேரம் பார்த்துக் காற்று ஏறிவிட்டது. எல்லாரும் ஓடிப்போய், பெரிய பாயைக் கழற்றிவிட்டு, பெஞ்சில் கிடந்த சின்னப் பாயை அவசர அவசரமாக மாட்டிப் படகை இறக்கினார்கள். ஏரி நடுவில் போய்விட்டால் பாயில் எழுதிய எண்தான் அடையாளம். ஸ்லாவ்கோ 31. பத்தடி தள்ளி நின்ற பர்தோல் 58.

ஒரு குளிர்காலத்தில் இருவரும் சேர்ந்து ஒரே அச்சில் வார்த்த படகுகள் அவை. மூன்று வருடம் முன்பு ஸ்லாவ்கோவின் படகு பர்தோல் படகின் மூக்கை இடித்து உடைத்தது. பர்தோல் நடுவரிடம் புகார் சொல்ல, ஸ்லாவ்கோவைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள். செத்தாலும் நமக்குள் பேச்சு வேண்டாம் என்றார் ஸ்லாவ்கோ. அன்றோடு சரி.

இப்போது 58 ஆடி ஆடி நாணல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஸ்லாவ்கோவுக்குத் தன் கவலையே மறந்துவிட்டது.

"அம்பத்தெட்டைப் பாரு நெவெங்கா, புல்லு மேயப் போகுது. அந்த ஆளுக்குக் கண்ணு போச்சு போல" என்றார், அந்த ஆளின் காதில் விழும்படியே.

பர்தோல் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. ரிமோட்டில் விரல் மட்டும் அசைந்தது.

31 ஸ்லாவ்கோவின் ஒரு சொல்லும் கேட்கவில்லை. பாயைத் தளர்த்தினால் இறுக்கியது. திரும்பும் இடத்தைக் காட்டும் மிதவையை விட்டு விலகச் சொன்னால் உரசாமல் ஒட்டிப் போனது. அதில்தான் குழப்பமே: அது கேட்காமல் செய்ததெல்லாம் சரியாக இருந்தது. மூன்று படகுகளை முந்திவிட்டது. தலை சுற்றிப்போய் ஸ்லாவ்கோ ரிமோட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டுச் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்.

31 தானாகவே கடைசி மிதவையைச் சுற்றி முதலில் வந்து சேர்ந்தது.

எல்லாரும் கைதட்டினார்கள். "கையே வைக்காம ஜெயிச்சுட்டீங்க" என்று சிரித்தபடி நெவெங்கா தாளில் அவர் பெயரை எழுதினாள். சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று ஸ்லாவ்கோவுக்குத் தெரியவில்லை. குனிந்து படகைத் தூக்கினார்.

படகின் மூக்கில், உடைந்த இடத்தை ஒட்டுப்போட்ட பழைய தழும்பு இருந்தது.

அவர் நாணல் பக்கம் திரும்பினார். முழங்கால் தண்ணீரில் இறங்கி, 58 எண் பாய் மாட்டிய படகை இழுத்து வந்துகொண்டிருந்தார் பர்தோல். அதன் மூக்கில் ஒரு கீறல் கூட இல்லை. பெஞ்சில் பாய் மாறிப்போயிருந்தது.

"உனக்கு மொதல்லயே தெரியுமா? ஏன்டா சொல்லல?"

பர்தோல் ஸ்லாவ்கோவின் படகை அவர் கையில் கொடுத்துவிட்டு, மூன்று வருடம் கழித்து வாய் திறந்தார்.

"பேச்சு வேண்டாம்னு நீதானே சொன்னே."