காலி இருக்கை

"இதோ கிளம்பிட்டாருய்யா மகாராஜா" என்றாள் மார்லீன், பக்கத்து இருக்கையிலிருந்து எழுந்த வெர்னன் காதில் நன்றாக விழட்டும் என்றே.

அவர் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, வரிசையில் இருந்தவர்களின் முழங்கால்களை இடித்தபடி வெளியே நழுவினார்.

"கால் மரத்துப் போச்சு மார்லீன். கொஞ்சம் நடந்துட்டு வரேன்."

"போன வாரம் கை மரத்துச்சு. அடுத்த வாரம் என்ன மரக்கும்?"

"அடுத்த வாரம் ஆட்டமே இல்லையே" என்றார் அவள் கணவர் ஸ்டான், சாஸேஜை மென்றுகொண்டே.

அது உண்மைதான். அமெரிக்க ஃபுட்பால் சீசனில் அவர்கள் ஊர் அணிக்கு இதுதான் கடைசி ஆட்டம். இதிலும் தோற்றால் டேரியனை உட்கார வைத்துவிட்டு வேறு ஆளைக் கொண்டுவரப் போவதாகக் கோச்சே சொல்லியிருந்தார். பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் டேரியன்தான். இருபத்திரண்டு வயது. கையில் பலம் இருக்கிறது, நிதானம் இன்னும் வரவில்லை. சமயத்தில் பந்தை எதிரணிக்காரன் மடியிலேயே கொண்டுபோய்ப் போட்டுவிடுவான்.

ஆட்டத்துக்கு முன்னால் கார் பார்க்கில் எல்லோருமாக இறைச்சி சுடும்போது வெர்னன் பேசுவதைக் கேட்க வேண்டும். "அந்தக் கையைப் பாருங்கய்யா. இன்னும் ரெண்டே வருஷம், ஊரே அவனைத் தூக்கி வச்சு ஆடப் போகுது" என்பார். ஆனால் ஆட்டத்தின் நாலு பாகத்தில் கடைசிப் பாகம் தொடங்கிப் பையன் உள்ளே வந்தானோ இல்லையோ, ஆளைக் காணோம். இந்த சீசன் முழுக்க இதே கூத்து.

மார்லீன் அப்படியில்லை. பக்கத்து ஏரியிலிருந்து வரும் குளிர்காற்று மூக்கை அறுத்தாலும் ஆட்டம் முடியும்வரை அசைய மாட்டாள். மகளுக்குப் பிரசவ வலி என்று போன் வந்தபோதுகூட, "முதல் பிரசவம்தானே, நேரமாகும்" என்று வைத்துவிட்டவள்.

டேரியன் எறிந்த பந்து யார் கையிலும் சிக்காமல் புல்லில் விழுந்தது. சுற்றிலும் ஊளை. பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய் ஒரே ஒரு டச் டவுன் போட்டால் ஜெயிக்கலாம், நேரம்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டத்தைச் சற்று நிறுத்தி டைம் அவுட் கேட்டார்கள். பையன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு இவர்கள் பக்கம் நிமிர்ந்து பார்த்தான்.

வெர்னனின் காலி இருக்கைதான் அவன் கண்ணில் பட்டிருக்கும் என்று மார்லீனுக்குத் தோன்றியது. எழுந்துவிட்டாள்.

ஸ்டானின் சாஸேஜ் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. "எங்கே? ஆட்டம் முடியலையே."

"அந்த ஆளை நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டாத்தான் எனக்கு மனசு ஆறும்."

கார் பார்க்கின் கடைசி வரிசையில் வெர்னனின் பழைய வண்டி நின்றது. ஸ்டேடியத்துக்கு முதுகைக் காட்டியபடி நிறுத்தியிருந்தார். ரேடியோகூட ஓடவில்லை. உள்ளே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கண்ணாடியைத் தட்டினாள். "இவ்வளவுதானா வெர்னன் உங்க பாசம்? பச்சைப் புள்ளையை அங்கே தனியா விட்டுட்டு இங்கே தூக்கமா?"

"உள்ளே வந்து கதவைச் சாத்துங்க, குளிருது" என்றார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். "என் கண்ணுதான் மார்லீன். போன வருஷம் நான் சாஸேஜ் வாங்கப் போன நேரத்துல எறிஞ்சான் பாருங்க, அப்படி ஒரு எறி. திரும்பி வந்து உட்கார்ந்தேன், அடுத்ததே எதிரணிக்காரன் கையில போச்சு. அப்புறம் ரெண்டு ஆட்டம் கவனிச்சேன். கடைசிப் பாகத்துல நான் பார்த்தா பையன் தடுமாறுறான்."

"அப்போ வீட்டுலயே இருக்க வேண்டியதுதானே?"

"இங்கேன்னா சத்தமாவது கேக்குமே. அவன் எறிஞ்சது பிடிபட்டா ஒரு சத்தம் வரும் பாருங்க, அதுக்குத்தான்."

கேட்க வந்த நாலு வார்த்தையும் மார்லீனுக்கு மறந்துபோனது. ஒரு சீசன் முழுக்க இந்த மனிதரையா கரித்துக்கொட்டினோம் என்று வெட்கமாக இருந்தது.

"நீங்க வெளியே வந்தும் தோத்துக்கிட்டேதானே இருக்கோம்" என்றாள் மெதுவாக.

"அதான் புரியலை. இன்னும் தள்ளி உட்காரணுமோ என்னவோ. அதுக்காகத்தான் இன்னிக்குக் கடைசி வரிசையில நிறுத்தினேன்."

அவர் சொல்லி முடிக்கவில்லை, ஸ்டேடியம் அதிர்ந்தது. வண்டிக் கண்ணாடியே நடுங்கியது. மார்லீனின் போன் அடித்தது.

"கேட்டுச்சா?" ஸ்டானின் குரல் உடைந்திருந்தது. "கடைசி நொடியில எறிஞ்சான்மா. டச் டவுன். ஜெயிச்சுட்டோம். நீ பார்க்காமப் போயிட்டியே."

இரண்டு பேரும் குழந்தைகளைப் போல ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக் குலுக்கிக்கொண்டார்கள். வெர்னன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கை அப்படியே நின்றது. அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"மார்லீன், நீங்க இதுக்கு முன்னாடி எப்பவாவது பாதியில எழுந்து போயிருக்கீங்களா?"

அடுத்த சீசனின் முதல் ஆட்டம். டேரியனேதான் குவார்ட்டர்பேக். கடைசிப் பாகம் தொடங்கி அவன் உள்ளே வந்ததும் மார்லீன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எழுந்தாள்.

"பாருங்க, பையன் வர்ற நேரம் பார்த்துக் கிளம்புறாங்க" என்றான் பின்வரிசையில் புதிதாக வந்திருந்த ஒருவன். "இவங்கெல்லாம் ரசிகருங்களாம்."

போன வருஷமாக இருந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். இப்போது வெர்னனிடம் கையை நீட்டினாள்.

அவர் மைதானத்தை விட்டுக் கண்ணை எடுக்காமலே வண்டிச் சாவியை அவள் கையில் வைத்தார். "கடைசி வரிசையிலதான் நிறுத்தியிருக்கேன்."