பழுப்பா, கறுப்பா?

"காதுக்கு வாங்கற சாமானா, கண்ணுக்கு வாங்கற சாமானா இது?"

கடை என்றுகூடப் பார்க்காமல் அவள் குரலை உயர்த்திவிட்டாள்.

அவள் கணவர், பஸ் டிரைவர், அசரவில்லை. கறுப்பு பியானோவின் முகப்பை விரலால் ஒரு தரம் தடவினார்.

"எனக்கென்னவோ இதுதான் பிடிச்சிருக்கு, டீச்சர்."

அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவள் வீட்டில் பியானோ சொல்லிக் கொடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து அவருக்கு அவள் டீச்சர்தான். கோபம் வந்தால் மட்டும் டீச்சரம்மா.

பழைய பியானோ மண்டையைப் போட்டுவிட்டது. "தந்தியைப் பிடிக்கிற ஆணியெல்லாம் தளர்ந்து போச்சும்மா. நான் சுருதி சேர்த்துட்டு வாசலைத் தாண்டறதுக்குள்ள இறங்கிடும்" என்று, சுருதி சேர்க்க வருகிறவர் கையை விரித்துவிட்டார். இரண்டு பிள்ளைகள் வேறு டீச்சரிடம் போயாகிவிட்டது. மிச்சப் பிள்ளைகளும் போவதற்குள் ஒன்று வாங்க வேண்டும். வாங்கப்போவதும் பழசுதான். தப்பாக வாங்கிவிட்டால் அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதுதான், இன்னொன்று வாங்க வழியில்லை.

இந்த நினைப்பில் அவளுக்குப் பல நாளாகச் சரியான தூக்கமில்லை. நடுவில், கேஸை மூடினோமா, கொல்லைக் கதவைத் தாழ் போட்டோமா என்ற வழக்கமான கவலைகள் வேறு.

"கவலைப்பட ஒண்ணும் இல்லைன்னா, அம்மா அதுக்கும் கவலைப்படுவா" என்பாள் மகள்.

கைக்கு எட்டுகிற விலையில் கடையில் இரண்டே பியானோ. பழுப்புக்கு மெருகு போய், மூலை பெயர்ந்து, தலையில் யாரோ சூடாக டம்ளர் வைத்த வட்டம். ஆனால் கட்டையைத் தொட்டால் அடிவயிற்றிலிருந்து பேசியது. கறுப்போ, புதுச் செருப்பு மாதிரி மின்னியது. குரல்தான் கீச்சென்று இருந்தது.

"ஜலதோஷம் பிடிச்ச மாதிரி கத்துதே, உங்களுக்குக் கேட்கலையா?"

"எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் கேட்குது."

"பொழுதன்னிக்கும் ஹாரன் கேட்கிற காது. வேற எப்படிக் கேட்கும்!"

கூட வந்திருந்த மகள் இடையில் புகுந்தாள். "வீட்டுக்கு வர்றவங்க அசந்து போகணும்னு அப்பாவுக்கு ஆசைம்மா. ஹால்ல கறுப்பா, பளபளன்னு நின்னா ஒரு கெத்துதானே?"

"அப்படியே வெச்சுக்க" என்றார் அவர். "டீச்சர், கறுப்புல இன்னொரு தரம் வாசி."

வாசித்தாள். மனுஷர் காதைக் கொடுத்துக் கேட்பார் என்று பார்த்தால், அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, பியானோவின் அந்தக் கறுப்புப் பலகையையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்குச் சுருக்கென்றது.

"பார்த்தாச்சா? மீசை அழகாத் தெரியுதா?"

அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

போட்டுக்கொள்கிற சட்டையின் நிறத்தைக்கூட இவள்தான் சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவருக்கு, போயும் போயும் இந்த விஷயத்திலா பிடிவாதம் வரவேண்டும்? அவளுடைய பிழைப்பு இது. அவருக்கு மினுக்கு முக்கியமாகப் போய்விட்டது.

கடைக்காரர் கனைத்தார். "சீக்கிரம் சொல்லுங்க. பழுப்பைப் பார்க்க மத்தியானம் இன்னொருத்தர் வர்றார்."

"பழுப்புதான்" என்றாள் பட்டென்று. "வாசிக்கப்போறவ நான்."

சண்டைக்குத் தயாராகத்தான் நின்றாள். அவர் ஒரு தரம் கறுப்பைப் பார்த்தார்.

"அதுவும் சரிதான் டீச்சர். உன் காதுக்குப் பிடிச்சாத்தானே பிள்ளைங்க காதுக்குப் பிடிக்கும்."

சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. வீடு வந்து சேரும்வரை, விட்டுக்கொடுத்த அந்த முகம் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் பழுப்பு பியானோ வந்தது. பழையது நின்ற சுவரோரத்திலேயே நிறுத்திவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் சமையலறையில் இருந்தவள், சுவரில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டு ஓடி வந்தாள். பியானோவுக்கு மேலே, நல்ல அகலமாக, புதுசாக ஒரு கண்ணாடி தொங்கிக்கொண்டிருந்தது. யூனிஃபாரத்தைக்கூட மாற்றாமல், கையில் சுத்தியலோடு அவர்.

"சாதிச்சுட்டீங்க இல்ல?" வந்ததே கோபம். "பழுப்பு அசிங்கமா இருக்குன்னு மேல ஜோடனையா? வர்றவங்க இது பியானோ கிளாஸா, சலூனான்னு கேட்கப்போறாங்க!"

"திட்டறதை அப்புறம் திட்டு. இப்ப உட்கார்ந்து ஏதாவது வாசி."

"உங்களுக்குத்தான் எல்லாம் ஒரே மாதிரி கேட்குமே."

"வாசியேன், டீச்சர்."

முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தாள். கட்டைகளில் விரல் பட்டதும் முணுமுணுப்பு தானாக நின்றது. பழுப்பு, கூடம் நிறையப் பேசியது.

அவர் அவளுக்குப் பின்னால் இருந்த தன் நாற்காலியில் போய் உட்கார்ந்து பார்த்தார். எழுந்து வந்து கண்ணாடியைக் கொஞ்சம் கீழே சாய்த்தார். மறுபடி போய் உட்கார்ந்தார். மறுபடி வந்து இடப்பக்கம் ஒரு தட்டு.

"ஆங். இப்பத் தெரியுது."

"என்ன தெரியுது?" வாசிப்பை நிறுத்தாமல் கேட்டாள்.

"உன் மூஞ்சி. கவலையெல்லாம் விட்டு, வாசிக்கிறப்ப மட்டும் நீ அப்படிச் சிரிக்கிறேன்னு நேத்து அந்தக் கறுப்புப் பலகையிலதான் முதல் தடவையாப் பார்த்தேன். இத்தனை வருஷமா அதை நம்ம வீட்டுச் சுவரு மட்டுமே பார்த்துட்டிருந்திருக்கு, டீச்சர்."